அண்ணன் பெயரைக் குழந்தைக்கு வைத்தது பற்றி

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். குழந்தைக்கு ஜுரம் விட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்று உன் அக்கா சொன்னாள், வயிற்றில் பால் வார்த்தது. கடிதத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்தால் அதை மேஜைமேல் வைத்து ஊருக்கே கேட்கும்படி போட்டுவிடுகிறாய், மருமகள் ஒரு பக்கம் கையாட்டுகிறாள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு இங்கே மழை, அங்கே குளிரா என்று வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதத்தைத் தனியாகத்தான் படிக்க முடியும். இதையும் சத்தமாகப் படித்து, படம் பிடித்து, எங்கேயாவது போட்டுவிடாதே என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கடை நடக்கிறது என்று சொல்வதைவிட உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது பொருத்தம். போன வாரம் ஒரு வக்கீல் வந்து தன் வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை கேட்டார், வாங்கிய பட்டங்களையெல்லாம் போட வேண்டும் என்றார், போட்டுப் பார்த்ததில் பலகையில் அவர் பெயருக்கு இடமில்லை, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர் விஷயத்தில் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று இந்தக் கடையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன், இனிமேல் எதுவும் புதிதில்லை என்று நினைத்திருந்தேன், என் வீட்டிலேயே ஒன்று நடந்துவிட்டது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குழந்தைக்குப் பெயர் தேடிய காலம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆளாளுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று குடும்பக் குரூப்பில் போட்டாய். பழைய பெயராக இருக்க வேண்டும், ஆனால் பழையதாகத் தெரியக் கூடாது, ரெண்டு மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது, உன் ஆபீஸில் இருப்பவர்கள் நாக்குச் சுளுக்காமல் சொல்ல வேண்டும், அங்கத்திய மொழியில் கெட்ட வார்த்தையாக இருந்துவிடக் கூடாது, பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் இன்னொருவன் இருக்கக் கூடாது. இத்தனை நிபந்தனையோடு உனக்கு நாங்கள் பெண்கூடத் தேடவில்லை. உன் மாமா, நம் அகராதி மாமாதான், தினம் ஒரு பெயரும் அதற்கு ஒரு பக்கம் பொருள் விளக்கமும் அனுப்பினார், ஒரு பெயரைச் சொல்ல நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது, உன் அக்கா அவரிடமே, "இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ள ரோட்டத் தாண்டிப் போயிடும் மாமா" என்று சொல்லிவிட்டாள், மனிதர் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் இருக்கிறாரே, அவர் சொன்ன பெயர்கள் எல்லாமே இருமல் மருந்து மாதிரி இருந்தன, மாமா கோபத்தை மறந்து அவரிடம், "மாப்ள, இத சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கணுமா, பின்னாடியா?" என்று கேட்டார். உன் அம்மா சிரித்தாள். அதை நான் பார்த்தேன். உன் அண்ணன் போன பிறகு அவள் வாயைத் திறந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்பே, மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்ன வாரமே, தானாகக் கிளம்பிக் கடைத்தெருவுக்குப் போய் மெல்லிய பருத்தித் துணி வாங்கிவந்தாள், மூலையில் மூடிக்கிடந்த தையல் மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னாள், கைக்குட்டை அகலத்தில் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினாள். ஜன்னலோரம் அந்த மிஷின் ஓடுகிற சத்தத்தில் நான் பகல் தூக்கம் தூங்கினேன், வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்கிற மாதிரி இருந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று அவளிடம் நீ கேட்டதற்கு, "எந்தப் பேரானா என்ன, எனக்குக் கூப்பிட ஒரு புள்ள வந்தாப் போதும்" என்றாள். நீ அதைக் கேட்டாய். கேட்டுக்கொண்டு எப்படி அப்படிச் செய்தாய் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெயரை அறிவித்த சாயங்காலத்தைச் சொல்கிறேன், நீ அதைப் போனின் அந்தப் பக்கமிருந்து பார்த்தாய், நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், ரெண்டும் வேறு. உன் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, அம்மா முகத்தை நேராகப் படம் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தாய். கூடத்தில் மாமா, மாப்பிள்ளை, உன் அக்கா, நான், எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், உன் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள், நீ குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்! அண்ணன் பேரத்தான் வெச்சிருக்கோம். அண்ணன் திரும்பி வந்துட்டாம்மா!" என்றாய். மாமா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளை மாசக் கடைசியில் டார்கெட்டைத் தொட்டவர் மாதிரி கை தட்டினார். உன் அம்மா, "சந்தோஷம்ப்பா, நல்லா இருக்கட்டும்" என்றாள், அவ்வளவுதான், சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குத் தொட்டியில் ஒரு பாத்திரம்கூட இல்லை. நீ எடுக்கச் சொன்ன படம் எங்கெங்கோ போய் எத்தனையோ பேர் இதயம் போட்டார்கள் என்று உன் அக்கா பெருமையாகக் காட்டினாள், உன் ஆபீஸ் பெண் ஒருத்தி, அந்த அம்மாவின் முகத்தில் என்ன ஒரு ஆனந்தம் என்று எழுதியிருந்தாளாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் அன்றைக்கு ஆனந்தம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, படிப்பு குறைவு. மறுநாள் காலையில் தையல் மிஷினுக்கு உறை போட்டாள். ஒரு சட்டைக்குக் கை ஒன்று பாக்கி, அது அப்படியே இருக்கிறது.

அதிலிருந்து அவள் குழந்தையைக் குழந்தை என்றுதான் சொல்கிறாள், இல்லையென்றால் பொடியன், இல்லையென்றால் அவன். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "பேரச் சொல்லிக் கூப்புடும்மா, திரும்பிப் பாக்கறான் பாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். முதலில் சரியாகக் கேட்கவில்லை என்றாள், அப்புறம் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள், அப்புறம் நீ கூப்பிடுகிற நேரத்தில் குளிக்கப் போனாள், வெயில் தாழ்ந்த பிறகு ஒருத்தி ஞாயிறுதோறும் அரை மணி நேரம் குளிப்பதில் உனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்த சந்தேகம் என்னவென்றால், மருமகள்மேல் ஏதோ வருத்தம் என்பது. மருமகள் பாவம், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது, உன் அண்ணனை அவள் உன் அக்காவின் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறாள். அப்புறம் எனக்கு ஒரு ஆர்டர் கொடுத்தாய், குழந்தை அறைக் கதவுக்கு ஒரு பித்தளைப் பலகை, மேலே யானைக்குட்டி, கீழே பெயர். எழுத்து எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, "அதான் கடையிலேயே மாதிரி மாட்டியிருக்கேப்பா, அதப் பாத்துப் பண்ணிடுங்க" என்றாய். அந்த மாதிரிப் பலகை உன் அண்ணன் தொழில் கற்றுக்கொண்டபோது தன் பெயரையே ஒவ்வொரு விதமான எழுத்திலும் வெட்டிப் பழகியது. அதைக் கழற்றவும் முடியவில்லை, வருகிறவர்கள் எழுத்தைத் தேர்வு செய்ய வேண்டுமே, தினமும் யாராவது வந்து விரலை நீட்டி, மூணாவது மாதிரி போடுங்க என்கிறார்கள், நானும் போடுகிறேன். யானைக்குட்டியை வெட்டி முடித்துவிட்டேன், நன்றாகவே வந்திருக்கிறது. அதற்குக் கீழே என் கை போகவில்லை. யானையை மட்டும் அனுப்புகிறேன், கதவில் மாட்டிக்கொள், பார்க்கிறவர்களுக்கு உள்ளே குழந்தை இருப்பது புரியும்.

இது உன் அண்ணனுக்குச் செய்கிற மரியாதை என்று உன் அக்காவிடம் சொன்னாயாம். இருக்கட்டும். ஆனால் மரியாதைக்கு ஒரு நேரம் இருந்தது, அவன் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ரத்தம் சுத்தம் செய்து வெளியே கொண்டுவந்ததும் போனைக் கேட்டு வாங்கி உன்னைக் கூப்பிட்டான். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டால், "அடுத்த மாசம் வர்றானாம்ப்பா, லீவு சொல்லிட்டானாம்" என்பான். அதை அவன் நர்ஸிடம் சொன்னான், பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னான், தம்பி வந்ததும் டிஸ்சார்ஜ் ஆகிவிடலாம் என்று என்னிடம் சொன்னான். ஒருநாள் உன் அம்மா அவனிடம் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "போதும்டா, அவன் வரமாட்டான்" என்றாள், அதற்கு அவளோடு அவன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நீ வந்தாய், எல்லாம் முடிந்த பிறகு. வந்தவன் அவன் அறையில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேசினாய், இந்த ரூமைக் காலி பண்ணிட்டா நல்லாக் காத்து வரும் என்று எனக்கு யோசனை சொன்னாய். உன்னைக் கல் நெஞ்சக்காரன் என்று நான் சொல்லவில்லை, நீ அழுதாய், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாய், அது உன் அம்மாவிடம் கற்றது, எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்த அழுகையோடு நீ எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, பிறந்து கண் திறக்காத ஒரு பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைத்து, எங்களைக் கை தட்டச் சொன்னாய்.

இப்போது போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும், உன் அக்கா உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். காலையில் நான் கடைக்குப் போய்விட்டேன். நீ குரூப்பில் செய்தி போட்டாய், பெயரைப் போட்டு, இன்னாருக்கு ஜுரம் அதிகமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், யாரும் பயப்பட வேண்டாம் என்று. அதில் குழந்தை என்ற வார்த்தை இல்லை. உன் அம்மா அதை வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். படித்தவள் ஃபிளாஸ்கில் பால் காய்ச்சி ஊற்றி, துண்டு, தலையணை உறை, சீப்பு எல்லாவற்றையும் பழைய பையில் எடுத்து வைத்து, வீட்டைப் பூட்டி, வழக்கமான பஸ்ஸில் ஏறி, அந்த ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். வாசல் காவல்காரர், "என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று சொல்லி அனுமதிச் சீட்டுகூடக் கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறார். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அங்கிருக்கிற பெரிய நர்ஸ் எனக்குப் போன் செய்தாள், அவளை உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, உன் அண்ணனைத் தம்பி என்று கூப்பிடுவாள். "ஐயா, பதறாம வாங்க. அம்மா இங்கதான் இருக்காங்க. கட்டில் ஓரமா நின்னு துண்ட மடிச்சிக்கிட்டிருக்காங்க, படுத்திருக்கற பெரியவர்தான் கொஞ்சம் பயந்துட்டாரு" என்றாள். நான் கடைக் கதவை இழுத்துவிட்டு ஓடினேன், போய்ப் பார்த்தால் நடைவழி பெஞ்சில் காலியான ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் பார்த்ததும், "குழந்தைக்குத்தான் ஜுரம்னு எனக்குத் தெரியும். நான் என்ன பைத்தியமா? பேரப் பாத்ததும் காலு இங்க வந்துடுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெரியவருக்கு யாரும் வரல போலிருக்கு, பால ஊத்திக் குடுத்துட்டேன்" என்றாள். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என்னைத்தான் முறைத்தார்.

இதில் என்னைக் கலங்கடித்தது அவள் அங்கே போனது இல்லை. வந்த பிறகு அன்றைக்கும் அதற்கு மறுநாளும் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அனுப்பிய செய்தியில் ஒரு பச்சைப் பிள்ளை நெருப்பாகக் கொதித்துக்கொண்டு படுத்திருந்தது, அதற்காக அழ வேண்டியவள் அதே செய்தியைப் படித்துவிட்டு இன்னொருவனுக்காக அழுது முடித்துவிட்டாள். இப்படியே போனால் உன் பிள்ளைக்குப் பாட்டி இல்லை, சொல்லிவிட்டேன். உயிரோடு இருப்பாள், ஆனால் இருக்கமாட்டாள். நீயோ உன் அக்காவிடம், "அம்மாவ நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க" என்று சொன்னாய். டாக்டர் என்ன செய்வார், அவருக்கும் ஒரு பெயர்ப்பலகை நான் செய்து கொடுத்திருக்கிறேன், நல்ல மனிதர்தான், ஆனால் இதற்கு அவரிடம் மாத்திரை இல்லை, மாப்பிள்ளையின் கம்பெனியிலும் இல்லை என்று விசாரித்துவிட்டேன்.

உன்னைப் பெயரை மாற்றச் சொல்லி எழுதுவதற்குத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்குள் பதிவு ஆபீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, இருமல் மருந்தானாலும் சரி, மூச்சு வாங்குகிற பெயரானாலும் சரி, அது அவனுடையதாக இருக்கட்டும் என்று எழுத நினைத்து, உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "வேண்டாங்க. வெச்சத எடுத்தா, அவன மறுபடி ஒருதரம் தூக்கிட்டுப் போற மாதிரி. இன்னொரு தடவ என்னால வாசல்ல நிக்க முடியாது" என்றாள். ஆக, அந்தப் பெயரை அவளால் சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நீ அனுப்பிய சர்ப்ரைஸைப் பிரித்துப் பார்த்தால் இவ்வளவுதான் இருக்கிறது. மாற்றாதே. இனி அது உன் பிள்ளையின் பெயர், அவன் அதைச் சுமந்துகொண்டு நடக்கப் பழகட்டும், அவன்மேல் தப்பில்லை.

உன்னிடம் கேட்பது கொஞ்சம்தான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லாதே. அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று இனி யாரிடமும் சொல்லாதே, வந்திருந்தால் முதலில் எங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை நேரில் வா, போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து அவள் மடியில் கிடத்து, மடியில் கிடக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை, அழுதால் தூக்கினால் போதும், அப்புறம் அவளாக என்ன பெயர் சொல்லிக் கொஞ்சுகிறாளோ அது அவர்கள் ரெண்டு பேர் சமாச்சாரம். எப்போது வருகிறாய் என்று தேதி எழுது, இல்லையென்றால் முடியாது என்றே எழுது, தாங்கிக்கொள்வோம். அடுத்த மாசம் என்று மட்டும் எழுதாதே. அந்த வார்த்தையை இந்த வீட்டில் ஒருவன் முழுசாக நம்பிப் பார்த்துவிட்டான்.

மருமகளுக்கு எங்கள் ஆசிகள், ராத்திரி கண் விழிக்கிற பெண், நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் ஒரு ராத்திரி விழித்துப் பார். குளிர் நாளில் குழந்தையின் காதை மூடி வை, ஜன்னலை முழுசாக அடைக்காதே. குழந்தைக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கிடைக்கட்டும், உன் தலைமேலும் என் கை இருக்கிறது, கோபத்தில் எழுதினாலும் அது கையை எடுத்ததாகாது. இதை எழுதிக்கொண்டிருக்கிறபோது உன் அம்மா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், யாருக்கு என்று கேட்கவில்லை, "ஜுரம் விட்டப்புறம் பால் ஒழுங்காக் குடிக்கறானான்னு கேளுங்க" என்றாள். குழந்தையைப் பற்றி அவள் கேட்கிற முதல் கேள்வி இது. இதற்குத் தாமதிக்காமல் பதில் எழுது, குரூப்பில் போடாதே, அவளுக்குத் தனியாக அனுப்பு, குழந்தை பால் குடிக்கிறான் என்று மட்டும் எழுது, பெயரைப் போடாதே.

இப்படிக்கு
உன் அப்பா